குப்பைமேனிக்கு ஒரு பரீட்சை

பிள்ளைகளே, மாரிமழை ஓய்ந்ததும் உங்கள் வளவை ஒருதரம் சுற்றி வாருங்கள். கிணற்றடி, வேலியோரம், மாட்டுக்கொட்டில் பக்கம், குப்பை கொட்டும் மூலை. அங்கெல்லாம் முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைச் செடி நிற்கும். யாரும் அதை நட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். இலையின் ஓரம் சின்னச் சின்னப் பற்களாக வெட்டுப்பட்டிருக்கும். மேலே நின்று பார்த்தால், ஓர் இலை இன்னோர் இலையின் வெயிலை மறைக்காதபடி அவை வட்டமாக விலகி நிற்பது தெரியும்.

அதுதான் குப்பைமேனி. பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். பூனை தேடி வந்து அந்த வேரில் முகத்தைத் தேய்த்து உருளும்.

வன்னியில் சொறி, சிரங்கு என்றால் அம்மம்மா முதலில் தேடுவது இந்த இலையைத்தான். கொஞ்சம் உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துப் பூசிவிடுவார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இது தெரியாத வீடு குறைவு. பரியாரிமாருக்கும் இது பழகிய மூலிகை. அவர்களிடம் பழைய வாகடங்கள், அதாவது வைத்திய நூல்கள், உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தவை என்று சொல்லப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்ற இரண்டு நூல்களை ஏழாலை ஐ. பொன்னையா ஏடுகளிலிருந்து எடுத்து அச்சிட்டிருக்காவிட்டால், அந்த அறிவில் எவ்வளவு கறையானுக்குப் போயிருக்குமோ!

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்: "இந்த இலை உண்மையாகவே கிருமியைக் கொல்லுமா?"

சபாஷ்! இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை விஞ்ஞானத்துக்குள் பாதித் தூரம் போய்விட்டது. அம்மம்மாவை நம்பவில்லையா என்று யாராவது கோபித்தால் பயப்படாதீர்கள். நம்புவதால்தானே சோதிக்கிறோம்! ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்த இலையை யார் சோதிப்பார்கள்?

இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் வடபகுதி மூலிகைகள் பலவற்றைக் கிருமிகளோடு மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வவுனியாவில் பம்பைமடுப் பக்கம் போனால், 2021ஆம் ஆண்டு தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தைக் காணலாம். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறார்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் அங்கே வெள்ளை மேலங்கி போட்டு நிற்கலாம். அதற்காகவே பரீட்சை எப்படி நடக்கிறது என்பதை மெதுவாகச் சொல்லித் தருகிறேன்.

முதலில், யாரோடு போட்டி என்று பார்ப்போம். பற்றீரியா மிகச் சிறிய உயிர். புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவில் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். உங்கள் அடிமட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவே ஆயிரம் பேர்! பத்துப் பேரை எடுத்தால் ஏறத்தாழ மூன்று பேரின் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கும். தோலில் வெட்டோ கீறலோ விழுந்தால்தான் வாலாட்டும். எல்லாப் பற்றீரியாவும் கெட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். பாலைத் தயிராக்குவதும் பற்றீரியாதான்.

சரி, இலையைப் பறிக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். நாம் பறிப்பது குப்பைமேனிதானா?

சிரிக்காதீர்கள். இது பெரிய விஷயம். கீழ்க்காய்நெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே குடும்பத்தில், பார்க்க அதே மாதிரியான செடிகள் பல உண்டு. கடையில் ஒரே பெயரில் அவை கலந்து வரும். ஒருவர் ஒரு செடியைச் சோதித்துவிட்டு இன்னொரு செடியின் பெயரை எழுதினால் பிறகு வருகிற எல்லாருமே வழிதவறிப் போவார்கள். அதனால் ஆய்வாளர் ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைப்பார். எங்கே, எப்போது, யார் பறித்தது என்று எழுதுவார். பிறகு அதைச் சரியான மாதிரியோடு ஒப்பிடுவார். இலங்கையின் தேசிய தாவர மாதிரிக் காப்பகம் பேராதனைப் பூங்காவில் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன் பறித்த செடிகூட அங்கே தட்டையாகப் படுத்திருக்கும். குப்பைமேனிக்கு உலகம் முழுவதும் ஒரே விஞ்ஞானப் பெயர்: அகலிபா இண்டிகா.

பெயர் உறுதியாகிவிட்டதா? இனிப் பறிக்கலாம். கழுவி, நிழலில் உலர்த்தி, பொடியாக்கி, நிறுத்து எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பொடியை ஒரு திரவத்தில் ஊறவைப்பார்கள். அந்தத் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். தண்ணீர் ஒரு கரைப்பான். மதுசாரமான எதனோல் இன்னொன்று. இலைக்குள் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. சில தண்ணீரில் கரையும். சில தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது, எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பானில் மட்டும் இறங்கும். ஊறியதை வடிதாளில் வடித்துக் கரைப்பானை ஆவியாக்கிவிட்டால், அடியில் பிசுபிசுவென்று கரும்பச்சையாக ஒன்று மிஞ்சும். அதுதான் இலையின் சாரம்.

எதில் ஊறவைப்பது, எவ்வளவு சூட்டில் வைப்பது என்பதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் தூ யூயூ என்ற சீனப் பெண்மணியின் கதையைக் கேளுங்கள்.

உங்கள் பூட்டன் பூட்டி காலத்தில் வன்னி என்றாலே பலருக்கு மலேரியாக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அந்தப் பொல்லாத நோய் இலங்கையிலிருந்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில்தான் சான்று கொடுத்தது. மலேரியாவை உண்டாக்குவது பற்றீரியா அல்ல, இன்னொரு வகை ஒட்டுண்ணி. ஆனாலும் மூலிகையைச் சோதிக்கும் வழி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

1969ஆம் ஆண்டு மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலை தூ யூயூவிடம் வந்தது. அவரும் அவருடைய குழுவினரும் ஊர் வைத்தியர்களிடமும் பழைய நூல்களிலும் இரண்டாயிரம் வரையான மருந்துக் குறிப்புகளைச் சேர்த்தார்கள். சிங்ஹாவ் என்ற ஒரு செடி முதலில் நல்ல பலன் தந்தது. மறுபடி செய்தபோது தரவில்லை. ஒருநாள் பலிக்கும், இன்னொருநாள் பலிக்காது. பிறகு அவர் நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய நூலைத் திரும்பவும் படித்தார். அதில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது.

ஊறவைத்துப் பிழி என்றுதான் இருக்கிறது. காய்ச்சு என்று இல்லையே! சூடு பட்டால் மருந்து அழிகிறதோ?

அவர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானை எடுத்தார். 1971 ஒக்ரோபரில் அந்தச் சாரம் எலிகளின் மலேரியாவை முழுதாக அடக்கியது. அதிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டெமிசினின் இலட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நோபல் பரிசு அல்ல. பழைய வைத்தியர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் அவர் செய்முறையாக எடுத்துப் படித்தாரே, அந்த இடம்தான். நம் பரியாரி "இடித்துப் பிழி" என்று சொன்னால் பிழிய வேண்டும். "எட்டொன்றாகக் காய்ச்சு" என்று சொன்னால் காய்ச்ச வேண்டும். நம் வசதிக்கு மாற்றிவிட்டு, "மூலிகை வேலை செய்யவில்லை" என்று எழுதுவது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து, கிருமிக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டும்.

முற்காலத்தில் ஆய்வுகூடங்களில் கிருமி வளர்க்க ஜெலற்றினைத்தான் பயன்படுத்தினார்கள். வெயில் நாளில் அது உருகிவிடும். சில பற்றீரியா அதையே தின்று தண்ணீராக்கிவிடும். ஜேர்மனியில் வால்டர் ஹெஸ்ஸே என்ற ஆய்வாளர் இதனால் திண்டாடினார். அவருடைய மனைவி பெயர் பானி ஹெஸ்ஸே. வீட்டில் செய்யும் புடிங்கும் ஜெலியும் மட்டும் கோடையிலும் உருகாமல் நிற்பதேன் என்று கணவர் கேட்டபோது, அதில் தான் கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் அகர் சேர்ப்பதாகச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அயலவர் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொடுத்த சமையல் இரகசியம் அது! 1881இல் அகர் சமையலறையிலிருந்து ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தது. இன்றுவரை வெளியே போகவில்லை. 1887இல் பெத்திரி என்பவர் மூடியோடு தட்டையான கண்ணாடிக் கிண்ணம் செய்தார். அதுதான் உங்கள் பாடப்புத்தகத்தில் வரும் பெத்திரிக் கிண்ணம்.

நோன்புக் காலத்தில் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் கடற்பாசி சாப்பிட்டிருக்கிறீர்களா? அதுவும் இதுவும் ஒன்றே. நம் கடலில் வளரும் கஞ்சிப்பாசியிலும் அகர் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் சீனிக்குப் பதிலாகக் கிருமிக்குப் பிடித்த உணவைக் கலந்து ஊற்றுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிக் கிருமி. ஒரு மில்லிலீற்றர் திரவத்தில் ஏறத்தாழ 15 கோடி பற்றீரியா இருக்கும்படி அளந்து கலக்குவார்கள். சுத்தமான பஞ்சுக்குச்சியால் தொட்டு, கிண்ணத்தின் ஜெலி முழுவதும் பூசுவார்கள். பிறகு சிறிய வட்டமாக வெட்டிய வடிதாள்களை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீற்றர் அகலம். கந்தோரில் கடதாசிக்கு ஓட்டை போடும் கருவியில் விழும் பொட்டு அளவுதான். ஒரு பொட்டில் குப்பைமேனிச் சாரத்தை ஊற்றி உலரவிட்டு ஜெலியின் மேல் வைப்பார்கள்.

கிண்ணத்தை 37 பாகை செல்சியஸ் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். அதென்ன 37? நம் உடம்பின் சூடு. காலையில் திறந்து பார்த்தால் ஜெலி முழுவதும் மங்கலாகப் படலம் பிடித்திருக்கும். அது கோடிக்கணக்கான பற்றீரியா. ஆனால் பொட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெளிவாக இருந்தால்? அங்கே கிருமி வளரவில்லை!

உடனே கைதட்டப் போகிறீர்களா? நில்லுங்கள். இந்த இடத்தில்தான் கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கிக் கேட்கும்: "அந்தச் சாரத்தை எதனோலில்தானே எடுத்தீர்கள்? எதனோலே கிருமியைக் கொன்றிருந்தால்?"

ஆம், கண்ணு! கொரோனாக் காலத்தில் கையில் தேய்த்தோமே, அதில் இருந்த மதுசாரமும் இதுதான். பொட்டு சரியாக உலராமல் கொஞ்சம் எதனோல் தங்கிவிட்டால், வேலையைச் செய்தது எதனோல், பெயர் வாங்குவது குப்பைமேனி என்று ஆகிவிடும்.

அதனால் அதே கிண்ணத்தில் இன்னொரு பொட்டும் வைக்க வேண்டும். அதில் இலையே இருக்காது. வெறும் எதனோலை ஊற்றி, மற்றதை உலர்த்திய அளவு நேரம் உலர்த்தி வைப்பார்கள். அந்தப் பொட்டைச் சுற்றி வட்டம் வரக்கூடாது. வந்துவிட்டால் அன்றைய பரிசோதனை முழுவதும் குப்பைக்கூடைக்குத்தான். வராமல், குப்பைமேனிப் பொட்டைச் சுற்றி மட்டும் வந்தால்தான் அது இலையின் வேலை என்று சொல்லலாம்.

என்னைக் கேட்டால், அந்தக் கிண்ணத்தில் மிக முக்கியமானது இந்த வெறும் பொட்டுத்தான். அது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அதன் வேலை. மூலிகை பற்றி எங்காவது பெரிதாக எழுதியிருந்தால், வெறும் பொட்டு வைத்தார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நான் அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடுவேன்.

மூன்றாவது பொட்டு ஒன்றும் உண்டு. அதில் ஜென்டாமைசின் போன்ற, ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட ஆஸ்பத்திரி மருந்து இருக்கும். அது வட்டம் போட வேண்டும். போடாவிட்டால் என்ன அர்த்தம்? கொஞ்சம் யோசியுங்கள். ஒன்றில் மருந்து பழுதாகியிருக்கும், அல்லது நாம் பூசியது தவறான கிருமியாக இருக்கும். எப்படியோ, பரிசோதனை பிழை. ஒரு பொட்டு வட்டம் போடாமல் இருக்க வேண்டும், இன்னொன்று போட வேண்டும். இரண்டும் சரியாக நடந்த பிறகுதான் நடுவில் இருக்கும் குப்பைமேனியை நாம் திரும்பிப் பார்க்கலாம். விளங்குகிறதா? விளங்காவிட்டால் இந்தப் பந்தியை இன்னொருதரம் படியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இத்தனையையும் ஒரு தடவை செய்தால் போதாது. குறைந்தது மூன்று கிண்ணங்களிலாவது திரும்பச் செய்ய வேண்டும். எந்தப் பொட்டு எது என்று தெரியாத ஒருவர் அளந்தால் இன்னும் நல்லது. நமக்குப் பிடித்த செடியின் வட்டம் நம் கண்ணுக்கு எப்போதும் அரை மில்லிமீற்றர் பெரிதாகத்தான் தெரியும்!

சரி, குப்பைமேனி பரீட்சையில் தேறியதா?

தமிழ்நாட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு இதன் முடிவை வெளியிட்டார்கள். ஹெக்சேன், குளோரோபோம், எதைல் அசற்றேற்று, மெதனோல் என்று நான்கு கரைப்பான்களில் குப்பைமேனி இலையை ஊறவைத்துச் சோதித்தார்கள். கிராம் நேர் வகைப் பற்றீரியாவெல்லாம் அடங்கின. நம் ஸ்ரபிலோகொக்கஸ் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் கிராம் எதிர் வகையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற ஒன்றுதான் அடங்கியது. மற்றவை அசையவேயில்லை.

அதென்ன நேர், எதிர்? 1884இல் கிராம் என்ற டென்மார்க் வைத்தியர் பற்றீரியாவுக்குச் சாயமிடும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாயம் சில பற்றீரியாவில் ஒட்டி ஊதா நிறமாக நிற்கும், சிலவற்றில் கழன்றுவிடும். சாயத்தைப் பிடித்துக்கொள்வது நேர், விட்டுவிடுவது எதிர். எதிர் வகைக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருக்கிறது. பல மூலிகைப் பொருட்கள் அந்த வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாமல் நின்றுவிடும். மூலிகை ஆய்வுகளில் அடிக்கடி காணும் முடிவு இது. குப்பைமேனிக்கு மட்டும் வந்த தோல்வி அல்ல.

எவ்வளவு சாரம் போதும் என்றும் அவர்கள் பார்த்தார்கள். அதற்கு வேறொரு முறை உண்டு. சாரத்தை ஒவ்வொரு குழாயிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்க் கிருமியை விடுவார்கள். மறுநாள் கலங்கியிருந்தால் கிருமி வளர்ந்துவிட்டது. தெளிவாக இருக்கும் கடைசிக் குழாயில் உள்ள அளவுதான் விடை. குப்பைமேனிக்கு அது ஒரு மில்லிலீற்றருக்கு 0.156 முதல் 2.5 மில்லிகிராம் வரை வந்தது. நல்ல ஆஸ்பத்திரி மருந்துக்கோ பெரும்பாலும் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும்.

முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். மருந்து தனிப் பொருள். இலைச்சாரமோ நூற்றுக்கணக்கான பொருட்களின் கலவை. அதில் வேலைக்காரப் பொருள் ஒன்றிரண்டு மட்டும் இருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அம்மம்மா எந்தக் காலத்தில் ஹெக்சேனில் அரைத்தார்? அவர் தண்ணீர் தெளித்து அம்மியில்தானே அரைத்தார்? அவர் பூசியதை அவர் செய்ததுபோலவே செய்து ஒரு பொட்டில் வைத்துப் பார்க்க வேண்டாமா? உங்களில் யாராவது பெரியவராகி இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. ஒரு செடிக்கு 18 மில்லிமீற்றர் வட்டம், இன்னொரு செடிக்கு 11 மில்லிமீற்றர் வட்டம் வந்தது என்று வையுங்கள். முதலாவதுதான் பலசாலி என்று சொல்லலாமா? நூலை நீளமாக விட்டவனின் பட்டம் உயரே போகிறது. அதற்காக அதுதான் நல்ல பட்டம் என்று சொல்வீர்களா? பொட்டிலிருக்கும் பொருள் ஜெலிக்குள் ஊர்ந்து போனால்தான் வட்டம் விரியும். சின்ன, தண்ணீரில் கரையும் பொருள் தூரம் போகும். மஞ்சளில் உள்ள குர்க்குமின் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது. அது கிருமிக்கு எதிராக எவ்வளவு பலமுள்ளதாக இருந்தாலும் வைத்த இடத்தைவிட்டு அதிகம் அசையாது. ஆகவே பெரிய வட்டத்தைப் பார்த்துச் செடிகளுக்கு முதலாம், இரண்டாம் இடம் கொடுக்கக்கூடாது. அதற்குத்தான் அந்தக் குழாய் வரிசை.

இப்போது கவனமாகக் கேளுங்கள். வட்டம் வந்துவிட்டால் அது மருந்தாகிவிடுமா?

கிணற்றுக்குப் போடும் குளோரினை ஒரு பொட்டில் ஊற்றி வைத்தாலும் அழகான வட்டம் வரும். அதை யாராவது குடிப்பார்களா? கிருமியைக் கொல்லும் பொருள் நம்மையும் தாக்கலாம். கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கில் உள்ள கொல்ச்சிசின், வைத்தியர் அளந்து கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரை எடுத்துவிடும்.

குப்பைமேனியும் அப்படி ஒரு பாடம் சொல்லித் தந்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்த சிலருக்குத் திடீரென்று இரத்தத்தின் செங்கலங்கள் உடையத் தொடங்கின. இதை இலங்கை மருத்துவர்கள் 1996இல் எழுதி வெளியிட்டார்கள். அந்தச் சிலரின் உடம்பில் ஜி-6-பி-டி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைவு. மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளில் இந்தக் குறை உள்ளவர்கள் அதிகம். குடித்த எல்லாருக்கும் இப்படி ஆகாது, சிலருக்கு மட்டும் ஆபத்து. பெத்திரிக் கிண்ணத்துக்கு இரத்தம் இல்லை, ஈரல் இல்லை, சிறுநீரகம் இல்லை. அதற்கு இந்தச் சங்கதி எப்படித் தெரியும்?

கிண்ணத்துக்குத் தெரியாத இன்னொரு சங்கதியும் உண்டு. சிரங்கை உண்டாக்குவது பெரும்பாலும் பற்றீரியா அல்ல, தோலுக்குள் வளை தோண்டும் சிற்றுண்ணி. சொறிந்து புண்ணான பிறகுதான் பற்றீரியா வந்து சேரும். அம்மம்மாவின் இலை சிற்றுண்ணியைத் தாக்கியதா, பிறகு வந்த பற்றீரியாவையா, அரிப்பை மட்டும் தணித்ததா? மூன்றும் மூன்று கேள்விகள். நம் பரிசோதனை அதில் ஒன்றுக்குத்தான் பதில் சொல்லும்.

வட்டத்திலிருந்து மருந்து வரை எவ்வளவு தூரம் என்று பார்ப்போமா? 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் தன் கிண்ணத்தில் பூஞ்சணத்தைச் சுற்றித் தெளிவான இடத்தைக் கண்டார். பெனிசிலின்! ஆனால் 1941 பெப்ரவரியில்தான் ஒக்ஸ்போர்ட்டில் கடும் நோயாளியான ஒரு பொலிஸ்காரருக்கு அதை ஊசியில் ஏற்றிப் பார்க்க முடிந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார். மருந்து போதவில்லை. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினைக்கூடப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. அவர் இறந்துபோனார். பிறகு பெருமளவில் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு வாங்கும்போது, மருந்தை அரைகுறையாக எடுத்தால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். பழகியும்விட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு மசியாத பற்றீரியாவினால் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புதிய மருந்துகளுக்கு ஆய்வாளர்கள் காடு மேடெல்லாம் தேடுவது அதனால்தான்.

செடி எவ்வளவு தந்திரசாலி என்றும் கேளுங்கள். நம் நாட்டு மரமஞ்சளில் பேர்பெரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. வேறு சில செடிகளிலும் இருக்கிறது. அது பற்றீரியாவுக்குள் நுழைந்தால் பற்றீரியா சும்மா இருக்காது. உள்ளே வந்த நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பி அதனிடம் உண்டு. 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் அதிசயம் கண்டார்கள். பேர்பெரின் உள்ள ஒரு செடி, கூடவே இன்னொரு பொருளையும் செய்கிறது. அந்தப் பொருளைத் தனியாகப் பொட்டில் வைத்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் அது கிருமியின் பம்பியை அடைத்துவிடும்! பிறகு பேர்பெரின் உள்ளே தங்கித் தன் வேலையைப் பார்க்கும். ஒவ்வொரு பொருளையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதித்திருந்தால் இந்தக் கூட்டாளியைச் "சோம்பேறி" என்று எறிந்திருப்போம். முழு இலைச்சாரத்தையும் சோதிக்க வேண்டும், பிரித்தும் சோதிக்க வேண்டும் என்று சொல்வது இதற்குத்தான்.

"நாங்களும் செய்து பார்க்கலாமா?" என்று கேட்பது காதில் விழுகிறது. வீட்டில் கிருமி வளர்க்க வேண்டவே வேண்டாம். மூடியைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று நமக்குத் தெரியாது. ஆய்வுகூடத்தில்கூட வேலை முடிந்ததும் கிண்ணங்களை 121 பாகை நீராவியில் அவித்துத்தான் எறிகிறார்கள்.

ஆனால் கிருமி இல்லாமல் வட்டம் பார்க்கலாம். அம்மாவிடம் சொல்லி, சீனி போடாமல் கடற்பாசி காய்ச்சி ஒரு வெள்ளைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆறவிடுங்கள். வடிதாளில் ஒரே அளவாக மூன்று பொட்டுகள் வெட்டுங்கள். ஒன்றைப் பீற்றூட் சாற்றில் தோய்த்து வையுங்கள். இன்னொன்றை மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்து வையுங்கள். மூன்றாவதை எதில் தோய்க்க வேண்டும்? சரியாகச் சொன்னீர்கள், வெறும் தண்ணீரில். தட்டை மூடி நிழலில் வைத்து, மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். எது ஓடும், எது வைத்த இடத்திலேயே இருக்கும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு அளவுகளைப் பிறகு பார்க்க வேண்டும்.

அளந்த ஜெலியை யாரும் சாப்பிடக் கூடாது. தம்பி தங்கச்சி அழுதால் கொடுக்க, சீனி போட்டு வேறொரு தட்டும் ஊற்றி வையுங்கள்.